தூர் கட்டும் காலம்

குறுவைக்கு நடுகிற ஆடுதுறை 36 ரக நெல் ஏறத்தாழ 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். சம்பாவுக்கு நடுகிற சி.ஆர். 1009, டெல்டாவில் எல்லாரும் வெறுமனே 'ஆயிரத்தொன்பது' என்று சொல்லும் ரகம், 155 முதல் 160 நாள் வரை எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையிலுள்ள இந்த நாற்பத்தைந்து, ஐம்பது நாள் பயிரின் வாழ்நாளில் எந்த இடத்தில் செலவாகிறது என்று கேட்டால், கதிர் பெரிதாவதிலும் மணி முற்றுவதிலும் செலவாகிறது என்றே பலரும் நினைப்பார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் நம்முடையதைப் போன்ற வெப்பமான நாடுகளில், தண்டுக்குள் கதிர் உருவாகத் தொடங்கியதிலிருந்து பூக்கும் வரை சுமார் 35 நாள், பூத்ததிலிருந்து மணி முற்றும் வரை சுமார் 30 நாள் என்ற கணக்கு குறுகிய கால ரகத்துக்கும் நீண்ட கால ரகத்துக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். கூடுதலான நாள் முழுவதும் அதற்கு முந்தைய பருவத்தில் போகிறது. வேர் ஓடுவதும் இலை விடுவதும், அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளைத்துத் தூர் கட்டுவதுமாகிய அந்தப் பருவத்தில், வரப்பில் நின்று பார்ப்பவருக்குக் கதிர் என்று காட்ட ஒன்றுமே இருக்காது. குறுவை அதை நாற்பத்தைந்து நாளில் கடந்துவிடுகிறது. ஆயிரத்தொன்பது தொண்ணூறு நாள் வரை வெறும் பச்சையாகவே நிற்கிறது.

ஒரு கலையைக் கற்கப் புகுந்தவர்களும், ஒரு பழக்கத்தை விட முயன்றவர்களும், முன்கோபத்தையோ கூச்சத்தையோ குறைத்துக்கொள்ள விரும்பியவர்களும் ஏன் இத்தனை பேர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கே நினைவுக்கு வருகிறது. அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிடுவது எளிது. நான் பார்த்தவரையில் அவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே உழைத்தவர்கள். தூர் கட்டும் காலத்தில் நின்றுகொண்டு கதிரைத் தேடியதுதான் அவர்கள் செய்த பிழை. பொறுமையைப் பிறவிக் குணம் என்று சொல்வது நம் வழக்கம். எந்தப் பருவத்தில் நிற்கிறோம், அந்தப் பருவத்துக்கு உரிய வேலை எது என்று தெரிந்திருப்பதே பொறுமையின் பெரும்பகுதி என்பது என் கருத்து. அறிவு என்றால், அதைக் கற்றுக்கொள்ளவும் முடியும்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனத்தில் பெரியப்பாவுக்கு ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர் இருந்தது. நாற்றங்காலில் கரும்பச்சையாக நின்ற நாற்றை நானும் பார்த்திருந்தேன். நட்டு ஐந்தாம் நாள் வயலுக்குப் போனபோது பயிர் முழுவதும் மஞ்சளடித்து, நுனி கருகி, சில குத்துகள் தண்ணீரில் சாய்ந்தே கிடந்தன. "செத்துப்போச்சா பெரியப்பா?" என்று கேட்டேன். "இல்லடா தம்பி, எடம் மாறி வந்திருக்குல்ல. இன்னும் பச்ச புடிக்கல" என்றார். பிறகு வரப்போரத்துக் குத்து ஒன்றைப் பிடுங்கி, வாய்க்கால் தண்ணீரில் சேறு போக அலசி, உள்ளங்கையில் விரித்துக் காட்டினார். அறுந்துபோன பழைய வேர்கள் பழுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு மேலே, தண்டின் அடியில், நகத்தளவுகூட இல்லாத வெள்ளை வேர் இரண்டு மூன்று முளைத்திருந்தது. "இது எறங்கினாத்தான் மேல பாக்கும்" என்று சொல்லிவிட்டு, எடுத்த குழியிலேயே அதை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார்.

நாற்றைப் பறிக்கும்போது வேரில் பெரும்பகுதி நாற்றங்காலிலேயே அறுந்து தங்கிவிடுகிறது. புது வேர் விடும்வரை பயிர் இருந்ததையும் இழந்ததுபோலத் தோன்றுவது அதனால்தான். வாரம், பத்து நாளில் அது நிமிர்ந்துகொள்வதை இங்கே 'பச்சை பிடித்தல்' என்பார்கள். தம்மை மாற்றிக்கொள்ளத் தொடங்கியவர்களுக்கும் இப்படி ஒரு மஞ்சள் வாரம் உண்டு. ஆண்டுக்கணக்கில் இரண்டு விரலால் வேகமாகத் தட்டச்சு செய்துவந்த ஒருவர் பத்து விரல் முறைக்கு மாறினால், முதல் சில வாரங்களுக்கு அவருடைய வேகம் பழைய வேகத்தைவிட நன்றாகக் குறைந்துவிடும், பிழையும் கூடும். தவறான சுருதியில் பாடிப் பழகிய குரலைத் திருத்தும்போதும் அப்படித்தான். பழைய பிடி விட்டுப்போய்ப் புதிய பிடி இன்னும் கைக்கு வராத இடைவெளி அது. இந்த இடைவெளி வரும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் 'இது எனக்கு ஒத்துவராது' என்று எழுந்து போயிருக்கமாட்டார்கள்.

தொடக்க நாட்களின் உழைப்பு எங்கே போகிறது என்ற கேள்விக்கும் டெல்டாவில் பதில் இருக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். 2021-ஆம் ஆண்டு அந்தத் தேதியில் மேட்டூர் திறக்கப்பட்டு, 16-ஆம் தேதி கல்லணை திறக்கப்பட்டது. கல்லணையில் மதகைத் தூக்கிய அன்றே வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்துக் கடைமடைக்காரர் வயலில் கால் நனையாது. கோடை முழுவதும் காய்ந்து கிடந்த ஆற்று மணலும் வெடித்துப்போன வாய்க்கால்களும் குடித்த பிறகுதான் தண்ணீர் நகரும். மணல் குடித்த அந்தத் தண்ணீரை வீண் என்று எந்தக் கடைமடை விவசாயியும் சொல்லிக் கேட்டதில்லை. அது இறங்கினால்தான் பின்னால் வருவது மேலே ஓடும் என்று அவருக்குத் தெரியும்.

எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு இன்று ஊரெங்கும் புழங்கும் விடை '21 நாள்'. 21 நாள் தொடர்ந்து செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்ற இந்த நம்பிக்கையின் மூலம் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டுறுப்பு அறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர். முகத்தைத் திருத்திக்கொண்ட நோயாளிகள் தம் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது சுமார் 21 நாளாவது ஆகிறது என்று தாம் கவனித்ததை அவர் 1960-ல் எழுதினார். காலப்போக்கில் 'குறைந்தது', 'சுமார்' ஆகிய இரண்டு சொற்களும் உதிர்ந்துவிட்டன. கண்ணாடியில் தெரியும் முகத்துக்குப் பழகுவதும் விடியற்காலை எழுந்து நடக்கப் பழகுவதும் ஒன்றாக்கப்பட்டன. இலண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரிடம் 12 வாரம் நடத்திய ஆய்வு வேறு கதை சொல்கிறது. மதிய உணவோடு ஒரு பழம் சாப்பிடுவது, இரவு உணவுக்கு முன் சிறிது ஓடுவது போன்ற சிறு செயல்களை அவரவரே தேர்ந்துகொண்டார்கள். அந்தச் செயல் யோசிக்காமலே நடக்கும் நிலையை நெருங்க நடுத்தரமாக 66 நாள் ஆகும் என்று கணக்கிடப்பட்டது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்து கிடந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதையும் அதே ஆய்வு கண்டது. எனக்கு இந்தக் கடைசிச் செய்தி 66 என்ற எண்ணைவிட முக்கியமாகப் படுகிறது. ஒரு நாள் தவறியதும் 'எல்லாம் போயிற்று' என்று முழுவதையும் கைவிடுபவர்கள், ஒரு முறை தண்ணீர் கட்டத் தவறியதற்காக வயலையே தரிசாகப் போட்டவர்களைப் போன்றவர்கள்.

இன்னொரு கணக்கு இதைவிடப் பழையது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹௌஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, பொருளற்ற அசைகளை மனனம் செய்து, கண்டதை 1885-ல் வெளியிட்டார். 12 அசை கொண்ட வரிசையை ஒரே அமர்வில் 68 முறை சொல்லிப் பெற்ற பலனை, மூன்று நாளாகப் பிரித்து 38 முறை சொன்னபோதே அவர் பெற்றுவிட்டார். ஒரே மூச்சில் தின்று தீர்ப்பதைவிட விட்டுவிட்டுப் படிப்பது மனத்தில் நிற்கிறது என்பதைப் பிற்கால ஆய்வுகளும் திரும்பத் திரும்ப உறுதி செய்திருக்கின்றன. திருவையாறு, கும்பகோணம் பக்கத்துப் பாட்டு வகுப்புகளில் குழந்தைகள் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற தொடக்கப் பாடத்தை மாதக்கணக்கில், ஒவ்வொன்றையும் மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், பாடிக்கொண்டிருப்பதைக் கேட்டிருப்பீர்கள். கேட்கும் பெற்றோருக்குச் சலிப்பாக இருக்கும். 'பாட்டு எப்போது சொல்லித்தருவார்கள்?' என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. தினமும் கொஞ்சமாக, இரவு தூங்கி எழுந்து மறுநாள் மீண்டும் என்று போகும் அந்த வரிசைகளில்தான் பின்னால் வரும் கீர்த்தனைக்கும் ஆலாபனைக்கும் வேண்டிய வேர் இறங்குகிறது. சித்திரமும் கைப்பழக்கம் என்று நாம் சொல்லும்போது 'பழக்கம்' என்ற சொல்லுக்குள் எத்தனை நாள் அடங்கியிருக்கிறது என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

தொடக்கத்தைத் தாண்டியவர்களுக்கும் ஒரு கண்டம் காத்திருக்கிறது. நன்றாக முன்னேறிக்கொண்டிருந்தவர் திடீரென்று அசையாமல் நின்றுவிடுவார். வில்லியம் பிரையன், நோபிள் ஹார்ட்டர் என்ற இரு அமெரிக்கர்கள் தந்தி இயக்கப் பயின்றவர்களின் வேகத்தை வாரந்தோறும் அளந்து 1897-லும் 1899-லும் வெளியிட்ட ஆய்வுகளில் இது பதிவாகியிருக்கிறது. தந்தி அனுப்பும் திறன் சீராக ஏறியது. வரும் ஒலியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனோ ஒரு கட்டத்தில் வாரக்கணக்கில் சமதளமாக நின்று, பிறகு மீண்டும் ஏறியது. எழுத்து எழுத்தாகக் கேட்டவர் சொல் சொல்லாகக் கேட்கவும், பிறகு சொற்றொடராகவே கேட்கவும் அந்த இடைவெளியில்தான் பழகுகிறார் என்பது அவர்கள் தந்த விளக்கம். இப்படி ஒரு சமதளம் எல்லாருக்கும் கட்டாயம் வரும் என்பதைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள். ஆனால் வந்தவருக்கு அது சும்மா கழிந்த காலமாக இருக்க வேண்டியதில்லை என்பது நிற்கிறது.

அவசரப்பட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு டெல்டா இரண்டு காட்சிகளைக் காட்டும். பயிர் பச்சை காணவில்லையே என்று யூரியாவை அள்ளிப் போட்ட வயல் ஒரே வாரத்தில் கருகருவென்று ஆகும். பார்ப்பவர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள். அந்தப் பயிரின் தண்டு வலுவில்லாமல் நீண்டிருக்கும், பூச்சியும் நோயும் அதையே முதலில் தேடி வரும், மணி பிடித்த சமயத்தில் ஒரு காற்று மழை வந்தால் பாய் விரித்ததுபோலப் படுத்துவிடும். சுவாமிமலையில் படிமம் வார்ப்பவர்கள் மெழுகு உருவத்தின்மேல் காவிரி வண்டலைக் குழைத்துப் பூசி, அதை நிழலில் உலர்த்துகிறார்கள். வெயிலில் வைத்தால் மேல்பூச்சு விரைவாகக் காயும், வெடிப்பும் விழும். பிறகு மெழுகை உருக்கி வடித்து உலோகத்தை ஊற்றும்போது அந்த வெடிப்பு சிலையின் முகத்தில் வந்து நிற்கும். மாதம் முழுவதற்கும் உரிய தேர்வுப் படிப்பை நான்கு இரவில் படித்துத் தேறியவரும், பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் உடம்பைக் குறைத்தவரும் அந்தக் கருகருவென்ற பச்சையைத்தான் காட்டுகிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது. இதே மண்ணில் பொறுமை என்ற சொல் நெடுங்காலம் உழைக்கும் மக்களின் வாயை அடைக்கவும் பயன்பட்டிருக்கிறது. நாற்று நட்டவர்களையும் கதிர் அறுத்தவர்களையும் பார்த்து 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று சொன்னவர்கள் பெரும்பாலும் பூமியை ஏற்கெனவே ஆண்டுகொண்டிருந்தவர்கள். நாகப்பட்டினம் பக்கத்துக் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளும் பெரும்பான்மையாக, 1968 டிசம்பர் 25 இரவில் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். தனக்குள் ஒரு திறமை முளைப்பதற்குக் காத்திருப்பதும், தன்னை மிதிக்கும் காலுக்கு அடியில் காத்திருப்பதும் ஒரே சொல்லால் அழைக்கப்படக் கூடாதவை. இந்தக் கட்டுரை முதலாவதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. இரண்டாவதற்குப் பொறுமையை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

கைத்திறனின் வளர்ச்சியையாவது கண்ணால் பார்க்கலாம். குணத்தில் நடக்கும் மாற்றம் அதைவிட மெதுவானது, மறைவானது. பிரென்ட் ராபர்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும் ஒரே மனிதர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த 92 ஆய்வு மாதிரிகளைச் சேர்த்துப் பார்த்து 2006-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பொறுப்புணர்வும் மனநிதானமும் பொதுவாக வயதோடு கூடுகின்றன. அதிலும் 20-க்கும் 40-க்கும் இடைப்பட்ட வயதில் கூடுதலாக வளர்கின்றன. 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்ற நம் பழமொழி சொல்லும் அளவுக்கு மனிதர் இறுகிப்போனவர்கள் அல்லர். ஆனால் அந்த வளர்ச்சியின் அளவுகோலில் நாள், வாரம் என்ற கோடுகள் கிடையாது.

நான் பள்ளி ஆசிரியர். வேலைக்குச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஒருநாள் வீட்டுப்பாடம் எழுதாத மாணவன் ஒருவனுடைய நோட்டை வாங்கி வகுப்பறைக் கதவு வரை வீசினேன். அவன் ஒன்றும் பேசாமல் போய் அதை எடுத்துவந்து, உட்கார்ந்து, மடங்கிப்போன அட்டையின் மூலையைத் தொடைமேல் வைத்து உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து நிமிர்த்திக்கொண்டிருந்தான். பாடம் நடத்திக்கொண்டே அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து என்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். அடுத்த வாரமே வேறொரு மாணவனிடம் கத்தினேன். அதற்கடுத்த மாதமும் அதே கதைதான். ஓராண்டு கழிந்தபோது, கோபப்பட்ட தடவைகளை எண்ணிப் பார்த்தால் ஒன்றும் குறைந்திருக்கவில்லை. தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

நெடுநாள் கழித்துத்தான், நான் தவறான இடத்தில் எண்ணிக்கொண்டிருந்தது புரிந்தது. முதலில் எல்லாம் கத்தியது தவறு என்ற உணர்வு இரவு படுக்கும்போதுதான் வரும். சில மாதத்தில் அது வீட்டுக்கு வரும் பேருந்திலேயே வரத் தொடங்கியது. பிறகு வகுப்பை விட்டு வெளியே வந்ததுமே, வராந்தாவில் வந்தது. இரண்டாம் ஆண்டில் ஒருநாள் கத்திக்கொண்டிருக்கும்போதே, வாக்கியத்தின் நடுவில் வந்தது. அந்த வாக்கியத்தை முடிக்க முடியாமல் நிறுத்தினேன், மாணவர்கள் விழித்தார்கள். வாய் திறப்பதற்கு முன்னால் அது வந்து நின்ற முதல் நாளுக்கு ஏறத்தாழ நான்காண்டு ஆகியிருந்தது. கத்திய தடவைகள் அப்படியே இருந்த அந்த முதல் ஓராண்டு முழுவதும் இந்த உணர்வு இரவிலிருந்து பகலை நோக்கி நகர்ந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. பெரியப்பா உள்ளங்கையில் காட்டிய வெள்ளை வேர் அதுதான் என்று இப்போது சொல்வேன். இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. நோட்டை வீசுவதில்லை.

மெதுவாக வளர்வதையும் வளராமல் நின்றுவிட்டதையும் பிரித்துப் பார்ப்பதற்கு வேரையே பார்க்க வேண்டியிருக்கிறது. மேலே இரண்டு பயிரும் ஒரே மாதிரி மஞ்சளாக இருக்கலாம். ஒன்றைப் பிடுங்கினால் புது வேர் வெள்ளையாக இருக்கும். மற்றதைப் பிடுங்கினால் வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பின்னதற்குக் காரணம் பெரும்பாலும் வடிகால் இல்லாமல் தேங்கிப்போன தண்ணீர். காத்திருந்தால் அது தேறாது. தண்ணீரை வடியவிட்டு, மயிரிழை வெடிப்பு விழும்வரை வயலைக் காயவிட்டு, மறுபடி பாய்ச்ச வேண்டும். மனிதருக்கும் அப்படித்தான். ஆறு மாதமாகப் பயிற்சி செய்தும் செய்கிற தவறு எது என்றுகூட ஒருவருக்குத் தெரியவில்லை, அதே தவறு அதே இடத்தில் அதே விதமாக நடக்கிறது, திருத்திச் சொல்ல அருகில் யாரும் இல்லை என்றால், அவருக்குத் தேவை மேலும் பொறுமையன்று. முறையை மாற்ற வேண்டும், வேறு ஆசிரியரைத் தேட வேண்டும், சில சமயம் கொஞ்ச நாள் நிறுத்தியும் வைக்க வேண்டும். தவறு நடப்பது குறையாவிட்டாலும் அது நடந்ததைக் கண்டுகொள்ளும் நேரம் முந்திக்கொண்டு வருகிறது என்றால், தண்ணீர் கட்டிக்கொண்டு இருந்தால் போதும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை வேரைப் பார்க்கலாம் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. தினமும் விடியற்காலையில் பெரியப்பா வரப்பில் ஒரு சுற்று வருவார்; நண்டு வளை, எலி வளை, மடையின் அடைப்பு, இலையின் நிறம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போவார். நான் கேட்டதற்காக அவர் பிடுங்கிக் காட்டியதோ அந்த ஒரு குத்தை மட்டும்தான். அதையும் நடுவயலில் கை வைக்காமல் ஓரத்திலிருந்துதான் எடுத்தார். அது எந்த இடம் என்று அடையாளம் வைத்திருந்தேன். ஐப்பசியில் மழைக்கு முன்னால் போய் எண்ணிப் பார்த்தபோது, பக்கத்துக் குத்தில் பதினான்கு தூர் இருந்தது. பிடுங்கி வைத்த குத்தும் உயிரோடு பச்சையாகத்தான் நின்றது. அதில் ஒன்பது.